நடுப்பக்கத்துக் கம்பி

கிணற்று மேட்டில் அறை வாங்கிய கன்னத்தோடு கௌசிக்கை நிற்க வைத்துவிட்டுப் போன வாரம் நான் பாட்டுக்கு முடித்துவிட்டேன் என்று உங்களில் பல பேருக்குக் கோபம். நியாயம்தான். அவனுக்கும் கோபம் தீரவில்லை. அதுதான் இந்த வாரத்துச் சங்கதி.

புதிதாக வருகிறவர்கள் திணறக் கூடாது என்பதற்காக நாலு வரி. ராசிபுரத்துக்குத் தெற்கே ஒரே தோட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி. அண்ணன் பேர் பெரியண்ணன், தம்பி பேர் சின்னண்ணன். வரப்பு ஓரமாக ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி அண்ணன் ஆயிரத்து இருநூறு அடிக்குப் போர் போட்டார். மூன்றே நாளில் தம்பியின் கிணறு வறண்டது. நியாயம் கேட்கப் போன தம்பி மகன் கௌசிக்கை, அண்ணன் மகன் சந்தோஷ்குமார் ரிக் ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க ஓங்கி அறைந்தான். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

நிற்காதது ஒன்றே ஒன்று. சின்னண்ணனின் மகள் தனப்பிரியாவும் சந்தோஷ்குமாரும் ஒரே கல்லூரி. அவள் பி.காம். மூன்றாம் வருஷம். அவன் எம்.காம்., கல்லூரிக் கபடி அணிக்குத் தலைவன். பெரியப்பா மகன் என்றாலும் கூடப் பிறந்தவனைப் போலத்தான். வீடுகளுக்குள் பகை முற்றிய பிறகும் கல்லூரி பஸ்ஸில் அவளுக்குச் சீட்டுப் போட்டு வைப்பதை அவன் விடவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். காலை ஏழரை மணி.

தனப்பிரியா கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கம் பிரித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி ஆண்டு மலருக்கு மாணவர் தரப்பில் அவள்தான் பதிப்பாசிரியை. திங்கட்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். மொத்தம் அறுபத்துநாலு பக்கம். பதினாறு பக்கம் சேர்ந்தது அச்சில் ஒரு பாரம், அப்படி நாலு பாரம், ஒரு பக்கம் கூடவும் கூடாது குறையவும் கூடாது. தாளாளர் வாழ்த்து எத்தனாம் பக்கம், முதல்வர் படம் எத்தனை அங்குலம், தமிழ்த்துறைக் கவிதைகள் எந்த மூலையில் என்று வெள்ளைத் தாளில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள். யார் படம் முன்னால், யார் படம் பெரிசு என்று ஒரு மாதமாக ஆளாளுக்கு அவள் உயிரை எடுத்திருந்தார்கள்.

நடுப்பக்கத்தை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முப்பத்திரண்டும் முப்பத்து மூன்றும் ஒரே தாளில் வரும். அகலமான படத்தைப் பிசிறில்லாமல் முழுசாகப் போட அதை விட்டால் வேறு இடம் கிடையாது. பதினோரு வருஷம் கழித்து மண்டலக் கோப்பையை ஜெயித்துக் கொண்டுவந்த கபடி அணி அங்கே நின்றது. நடு நாற்காலியில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷ்குமார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளும் தோழி இசபெல்லாவும் மாதிரிப் புத்தகம் ஒன்று செய்து பார்த்தார்கள். இசபெல்லாவின் அப்பா செபஸ்தியானுக்குச் சேலத்தில் அச்சகம். தாள்களை மடித்து அடுக்கி, மடிப்பில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு கம்பி அடித்தது இசபெல்லாதான். பதினாலு பேரில் யாருடைய முகமும் மடிப்பில் மாட்டவில்லை என்று பார்த்துச் சந்தோஷப்பட்டு, விரித்து ஒரு படம் எடுத்து மலர்க் குழுவின் வாட்ஸப்பில் போட்டார்கள். முகத்தைப் பார்த்த இரண்டு பேரும் முட்டியைப் பார்க்கவில்லை. கீழ்க் கம்பி சந்தோஷ்குமாரின் வலது முட்டியில் இறங்கியிருந்தது.

அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு வலது முட்டி உடைந்தது. பயிற்சியில் விழுந்துவிட்டான் என்று சொன்னார்கள். போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வு பதினெட்டே நாளில். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இனி நடக்கலாம், ஆட முடியாது.

இப்போது புரிகிறதா, ஞாயிற்றுக்கிழமை காலை பெரியம்மா பாவாயி செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஏன் வந்தாள் என்று? கூடவே புருஷன் பெரியண்ணன், அவளுடைய தம்பி. செல்போனில் அந்த நடுப்பக்கம். எந்தப் புண்ணியவானோ முட்டியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தான்.

“மத்தியானம் ஆணி எறங்குது, சாயங்காலம் எம்பையன் முட்டி போகுது,” என்றாள் பாவாயி. “யார்றீ உனக்குச் சொல்லிக் குடுத்தது?”

தனப்பிரியாவுக்கு முதலில் விளங்கவில்லை. செய்வினை என்கிறாள் என்று விளங்கியதும் சிரிப்பு வந்தது. அதுதான் அவள் செய்த தப்பு. புத்தகம் என்றால் நடுவில் கம்பி அடித்தே ஆக வேண்டும், அது யார் மேல் விழுகிறது என்று யாரும் பார்த்து அடிப்பதில்லை என்று பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

“நடுவுல எம்பையனை ஏன் வெச்சே?”

அண்ணன் மேல் பிரியம், வேறென்ன. அதைச் சொல்ல வாய் எடுப்பதற்குள் பெரியம்மாவின் கை அவள் சடையைச் சுற்றிவிட்டது. இழுத்த இழுப்பில் நிலைக்கால் நெற்றியில் பட்டது. ஒரு தரம் இல்லை, மூன்று தரம். கம்பியை அடித்தது யார் என்று ஒவ்வொரு மோதலுக்கும் கேட்டாள். நான்தான், நான்தான் என்றாள் தனப்பிரியா. இசபெல்லாவின் பேரை அவள் எடுக்கவே இல்லை. பாவாயியின் தம்பி மடிக்கணினியைக் கீழே போட்டு இரண்டு காலாலும் மிதித்தான்.

பால் கறந்துகொண்டிருந்த சின்னண்ணன் ஓடிவந்து மகளைப் பிடித்து இழுத்தார். பெரியண்ணன் கையில் மண்வெட்டிக் காம்பு இருந்ததை அவர் பார்க்கவில்லை. ஒரே போடு. மண்டை பிளந்து ரத்தம் காது வழியாகத் தோளில் வழிந்தது. சமையற்கட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா சௌந்திரம் சட்டியோடு வெளியே வந்து, கொதிக்கிற கஞ்சியைப் பாவாயியின் தம்பி மேல் வீசினாள். தொடை வெந்து அவன் போட்ட அலறலில்தான் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் தனப்பிரியா ஒன்றைப் பார்த்தாள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் அவள் கூடப் பிறந்த அண்ணன் கௌசிக் நின்றுகொண்டிருந்தான். அப்பா விழுந்தபோதும் அவன் வரவில்லை. பயந்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

விலக்கிவிட்ட ஊர்க்காரர்கள் முன்னால் பெரியண்ணன் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வாரக் கதை முழுவதும் அந்தப் பேச்சின் மேல்தான் நிற்கிறது.

“அஞ்சு மணிக்குக் கருப்பணார் கோயிலுக்கு வந்து இவ கற்பூரம் அணைக்கோணும். இந்த ஊட்டாளுக ஒருத்தரும் எம்பையன் காலுக்குக் கெடுதி பண்ணலைன்னு. அணைச்சுட்டா நான் வாயைத் தொறக்க மாட்டேன். அணைக்கலீன்னா இந்த ஊட்டுல ஒரு காலை நான் எடுத்துருவேன்.”

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினால் அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் வழக்கே கிடையாது. போலீஸில் முடியாதது அங்கே முடிந்துவிடும். தனக்கென்ன பயம் என்று நினைத்து, வருகிறேன் என்றுவிட்டாள் தனப்பிரியா.

ராசிபுரத்து ஆஸ்பத்திரியில் சின்னண்ணனுக்கு ஏழு தையல். கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்ததாக எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அண்ணனைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. அவர் மயக்கத்தில் கண்ணை மூடியதும் தனப்பிரியா மாடி ஏறினாள். அதே ஆஸ்பத்திரியில்தான், இரண்டாம் மாடியில், சந்தோஷ்குமார் கிடந்தான். பெரியம்மா இன்னும் ஊரில் இருந்து திரும்பவில்லை.

“பாப்பா, மூஞ்சி என்ன ஆச்சு?”

சொன்னாள். கம்பி, வட்டம், கஞ்சி, கற்பூரம், எல்லாவற்றையும். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே சொன்னான். அவன் மைதானத்தில் விழவே இல்லையாம். பயிற்சி முடிந்து வண்டி எடுக்கப் போனபோது பின்னாலிருந்து ஒருத்தன் இரும்புக் குழாயால் முட்டியில் அடித்திருக்கிறான். கீழே விழுந்த பிறகும் அதே முட்டியில் இரண்டு அடி. முகம் தெரியவில்லை, ஹெல்மெட் போட்டிருந்தான்.

“யாருண்ணா?”

“ஹெல்மெட் போட்டா நடை மாறிப் போகுமா? சின்ன வயசுல இருந்து பாக்கறேன் அந்த நடையை.”

தனப்பிரியாவுக்கு மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்ற உருவம் கண்ணில் வந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லியிருந்தா எங்கப்பன் அன்னைக்கே வெட்டியிருப்பாரு,” என்றான் சந்தோஷ்குமார். “அவனும் போயி, இவரும் செயிலுக்குப் போயிருப்பாரு. எங்காலு ஒண்ணோட போகட்டும்னு விழுந்துட்டேன்னு சொல்லிப்போட்டேன். நீ போய் அணைச்சுரு. பொய்தான். சாமி கேட்டா எங்கிட்டக் கேட்டுக்கட்டும்.”

அவள் கதவருகே போனபோது அவன் இன்னொன்றும் சொன்னான். அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடாதே, இனிமேல் ஆட்டக்காரனாக எனக்கு வேறு படம் வராது என்றான். தனப்பிரியா படி இறங்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீடு சேர்ந்தபோது மணி மூன்று. அவரைக் கட்டிலில் படுக்க வைத்தாள். கூடத்தில் மிதிபட்ட தாள்களுக்கு நடுவே கிடந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாற, கௌசிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தங்கச்சியைப் பார்த்ததும், கற்பூரந்தானே, பட்டென்று அணைத்துவிட்டு வந்துவிடு, அதோடு போச்சு என்று புத்தி சொன்னான்.

“மூணு அடியும் ஒரே முட்டியிலயா?”

கௌசிக்கின் கை தட்டிலேயே நின்றது. சௌந்திரம் மகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். பிறகு அவள் செய்த முதல் காரியம் எழுந்து போய்ச் சமையற்கட்டுக் கதவைச் சாத்தியதுதான். அம்மாவுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் தனப்பிரியாவுக்கு உறைத்தது.

ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விளிம்பால் அவன் கன்னத்தில் அடித்தாள். தோல் கிழிந்து சோற்றில் ரத்தம் சொட்டியது. இன்னொன்று அடிப்பதற்குள் அவன் எழுந்து அவள் வயிற்றில் உதைத்தான். கிரைண்டர் மேல் போய் விழுந்தாள். எழுந்தாள். திரும்பவும் அடித்தாள், இந்தத் தடவை காது. அவன் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினான். மூச்சு நின்றுபோகும் போல ஆனபோது சௌந்திரம் கரண்டிக் காம்பால் அவன் மணிக்கட்டில் ஒன்று போட்டாள். அப்புறம்தான் விட்டான்.

“ஊரு பார்க்க என்னைய அறைஞ்சான்ல,” என்றான் கௌசிக், மூச்சு வாங்க. “அவனுக்கு மட்டும் போலீசு வேலையா?”

அவ்வளவுதான் காரணம். ஒரு அறைக்கு ஒரு கால். எழுதுகிற எனக்கே ஆறவில்லை, கூடப் பிறந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

சௌந்திரம் மகள் முன்னால் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ராத்திரியே தெரியும், குழாயை மோட்டார் ரூமுக்குப் பின்னால் புதைத்ததே தான்தான் என்று சொல்லி அழுதாள். ஒரே பையன், அவன் காலை எடுத்துவிடுவார் உங்க பெரியப்பா, சொன்னதைச் செய்கிற ஆள் அவர் என்றாள்.

“ஒரு கற்பூரம் சாமி. ஒரு நொடி கை வெச்சு எடுக்கறது. அதுக்கு மேல உன்னைய ஒண்ணுமே கேக்க மாட்டேன்.”

தனப்பிரியா அம்மாவின் கையை விலக்கிவிட்டு முகம் கழுவப் போனாள். அணைத்துவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தாள். கௌசிக்குக்காக இல்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் கேட்டுக்கொண்டதற்காக.

ஐந்து மணிக்குக் கருப்பணார் கோயிலில் இரண்டு வீட்டு ஆட்களும் ஊரில் பாதியும் இருந்தார்கள். சாமி முன்னால் ஆளுயரத்துக்கு நட்டிருந்த அரிவாள்களுக்குப் பூசாரி புதுசாகச் சந்தனம் வைத்திருந்தார். தலையில் போட்ட கட்டோடு சின்னண்ணனும் வந்திருந்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கௌசிக் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டி, சவரம் பண்ணும்போது வெட்டிவிட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பூசாரி வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். பெரியண்ணன் காலையில் சொன்ன அதே வாசகத்தைத் திருப்பிச் சொன்னார். இந்த ஊட்டாளுக ஒருத்தரும்.

தனப்பிரியா வலது கையை நீட்டினாள். உள்ளங்கை தீக்கு நாலு விரல் மேலே வந்துவிட்டது. சூடு ஏறியது.

அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாமல் கௌசிக் முன்னால் வந்தான். ஊரைப் பார்த்துக் கும்பிட்டான்.

“பெரியப்பா, சின்னப் புள்ளைங்க. அறியாம ஆணியை எறக்கிப்போட்டா. மனசுல வெச்சுக்காதீங்க. படிப்பும் வேண்டாம் புஸ்தகமும் வேண்டாம்னு நாளையில இருந்து நானே நிறுத்திப்போடறேன்.”

கூட்டத்தில் சில தலைகள் ஆடின. நல்ல பையன் என்று யாரோ சொன்னது தனப்பிரியாவின் காதில் விழுந்தது. பாவாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, அவனே ஒத்துக்கொண்டான் என்றாள்.

தனப்பிரியா கையை இழுத்துக்கொண்டாள்.

அணை, அணை என்று அம்மா முணுமுணுத்தது கேட்டது. கற்பூரம் பாதி கரைந்திருந்தது. அவள் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

“என்னைய மட்டும் கேளுங்க பெரியப்பா, இப்பவே அணைக்கறேன். ஊட்டாளுக ஒருத்தரும்னு கேட்டீங்கன்னா நான் அணைக்க மாட்டேங்க.”

பூசாரி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவள் யார் பேரையும் சொல்லவில்லை, எந்தப் பக்கமும் விரலை நீட்டவில்லை. ஆனால் பெரியண்ணன் நாற்பது வருஷம் சந்தையில் ஒரே பார்வையில் தரம் பார்த்து மாடு பிடித்துப் பழகியவர். கௌசிக்கின் கன்னத்துப் பிளாஸ்திரியையும், அவன் கண் வண்டி நிறுத்தியிருந்த பக்கம் போனதையும் ஒன்றாகப் பார்த்தார். கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது.

பெரியண்ணன் திரும்பி, சாமி முன்னால் நட்டிருந்த அரிவாள்களில் ஒன்றைப் பிடுங்கினார். மண்ணோடு வந்தது. சௌந்திரம் குழறிக்கொண்டு மகனைக் கட்டிக்கொள்ள ஓடினாள், பாவாயி அவள் முடியைப் பிடித்துக் கீழே தள்ளினாள். ஊர்க்காரர்கள் விலகினார்கள். பெரியண்ணனுக்கும் கௌசிக்குக்கும் நடுவில் எட்டடிதான் இருந்தது. கௌசிக் வண்டிப் பக்கம் ஓடத் திரும்பினான்.

அந்த எட்டடிக்குள் சின்னண்ணன் போய் நின்றார். ஒருகணம் திரும்பி மகனைப் பார்த்தார். அந்த முகத்திலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலைக்கட்டில் ரத்தம் புதுசாகக் கசிந்திருந்தது.

அண்ணன் காலடியில் மண்ணில் உட்கார்ந்தார். வேட்டியைத் தொடை வரை ஏற்றினார். வலது காலை நீட்டினார்.

“அண்ணா, ஒரு காலு கேட்டீங்கல்லங்க. பெத்தவன் நானு. என்னுதை எடுத்துக்கங்க.”

தனப்பிரியா அப்பா என்று கத்திக்கொண்டு ஓடினாள். அரிவாள் பெரியண்ணனின் தலைக்கு மேலே இருந்தது.